விமானத்துக்கு ஒட்டுப்போடும் அறைக்குள்ளே!

கைபேசியை வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி இந்த டப்பாவில். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள், பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டலாம். ஆயிற்றா? வாருங்கள் உள்ளே. இந்தக் கதவைத் தாண்ட எவ்வளவு நாளாக ஆசைப்பட்டேன் தெரியுமா!

சிங்கப்பூரின் வடகிழக்கு ஓரம், சிலேத்தார். சின்ன விமானத்தளமும் அதைச் சுற்றி விமானத் தொழிற்கூடங்களும் இருக்கிற இடம். அந்தத் தொழிற்கூடங்களில் ஒன்றுக்குள்தான் நிற்கிறோம். பட்டறையின் பெயரைப் போடக் கூடாது, ஆட்களின் பெயரைப் போடக் கூடாது, எந்த ஏர்லைன்ஸின் பாகம் என்று எழுதக் கூடாது என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டேன். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அடிபட்ட பாகங்கள் இங்கே வந்து, சரியாகித் திரும்பிப் போகின்றன. 787-இன் கட்டமைப்பு எடையில் சுமார் 50 விழுக்காடு, ஏ350-இல் 53 விழுக்காடு கம்போசிட். அதாவது, பிசினில் ஊறிய கார்பன் நார். உடல், இறக்கை, வால் எல்லாம் பெரும்பாலும் அதுதான். அலுமினியத் தகடு அடித்து ரிவிட் வைத்த காலத்து விமானம் இல்லை இது.

முதலில் கண்ணில் படுவது அடைசல். எஞ்சின் உறையின் கதவு ஒன்று, என்னைவிட உயரம், சட்டத்தில் சாய்ந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் இறக்கையின் ஃபிளாப் ஒன்று கம்பளி போர்த்திப் படுத்திருக்கிறது. மேசையெல்லாம் மஞ்சள் டேப் சுருள், கத்தரிக்கோல், பச்சை பிளாஸ்டிக் தாள், எச்சில்படாத பிஸ்கட் பாக்கெட், யாருடையதோ ஒற்றைக் கையுறை. மூலையில் ரேடியோ. ஒலி 96.8-இல் இளையராஜா. ஜன்னலோரத்து நாற்காலியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'இது அங்கிள் நாற்காலி. உட்கார்ந்தால் கோப்பி வாங்கித்தர வேண்டும்.' அந்தச் சீன அங்கிள் இன்று விடுமுறை. ஆனாலும் ஒருவரும் உட்காரவில்லை!

நமக்குச் சுற்றிக்காட்டப் போகிறவர் ஓர் அக்கா. இங்கே பிறந்து வளர்ந்தவர், இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறார். தமிழர்கள் அவரை அக்கா என்கிறார்கள், மலாய்ப் பையன்கள் 'கக்' என்கிறார்கள். அதற்கும் அர்த்தம் அக்காதான்.

"முதல்ல காது குடுத்துக் கேளுங்க" என்கிறார் அக்கா.

ஒரு மலாய்ப் பையன் விரலளவு சுத்தியலால் எஞ்சின் கதவைத் தட்டிக்கொண்டே வருகிறான். டிக், டிக், டிக், டிக். கணீரென்ற சத்தம். பெயின்டில் லேசாக ஒரு கீறல் இருக்கும் இடத்துக்கு வந்ததும், டொப். அவன் நின்றுவிட்டான். திரும்பத் தட்டுகிறான். டொப். என் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள், நானும் தட்டினேன். எனக்கே கேட்டது! மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன.

"முன்னாடியெல்லாம் காசாலயே தட்டுவோம்" என்று அக்கா சிரிக்கிறார். தட்டிப் பார்ப்பது முதல் சந்தேகத்துக்கு மட்டும். அடுத்து ஜெல் தடவி, ஒலியலைக் கருவியை நகர்த்தி, சேதத்தின் எல்லையைத் திரையில் பார்த்து, பென்சிலால் கோடு போட்டுவிடுகிறார்கள். நகமளவு கீறலைச் சுற்றி வரைந்த கோடு அதைவிட நாலு மடங்கு பெரிது.

இந்தப் பொருளின் சுபாவமே இதுதான். அலுமினியத்தை இடித்தால் நசுங்கும், யார் கண்ணுக்கும் தெரியும். கார்பன் அடியை வாங்கிக்கொண்டு, மேல்பக்கம் எதுவும் நடக்காத மாதிரி திரும்ப எழும்பி நிற்கும். அதனால்தான் வடிவமைக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத அளவு அடி எங்கேயாவது இருக்கும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். அப்படி அடிபட்ட நிலையிலும் முழு பலத்தையும் தாங்கிக் காட்டினால்தான் விமானத்துக்குச் சான்றிதழ்.

அடுத்த அறை இராவும் அறை. கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவோம். உள்ளே தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் மூச்சுக்கவசமும் போட்ட ஒருவர், குனிந்த தலை நிமிராமல் இராவிக்கொண்டிருக்கிறார். கறுப்புத் தூள் உறிஞ்சுகுழாய்க்குள் போய்க்கொண்டே இருக்கிறது. இந்தத் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மின்கருவிக்குள் போனால் ஷார்ட் ஆக்கிவிடும். வேலை முடித்து வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார் பாருங்கள், சட்டையைப் பிழியலாம்! நெற்றியில் வியர்வை வழிந்த தடம் கறுப்பாக இருக்கிறது. ஒரே மூச்சில் தே ஓ ஐஸ் லிமாவ் (எலுமிச்சை ஐஸ் தேநீர்) ஒரு பை காலி. "இதுக்குத்தான் ஜிம்முக்கே போறதில்ல" என்று புஜத்தை மடக்கிக் காட்டுகிறார்.

அவர் இராவிய இடத்தை நமக்குக் காட்டினார்கள். ஆஹா! நடுவில் சின்ன வட்டம், அதைச் சுற்றி அடுத்த வட்டம், அதற்கும் வெளியே இன்னொன்று. தெப்பக்குளத்துப் படிக்கட்டை மேலிருந்து பார்ப்பதுபோல, ஒவ்வொரு அடுக்கும் ஒரு படியாக இறங்குகிறது. ஓர் அடுக்கின் தடிமன் 1 மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். அதைக் கையாலேயே, ஒவ்வொரு படியும் தெரிகிற மாதிரி இராவியிருக்கிறார். சரிவு செங்குத்தாக இருந்தால் ஒட்டு நிற்காது, தட்டையாக நீள வேண்டும். அதனால் கட்டைவிரல் அளவு காயத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இராவ வேண்டியிருக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. இராவிய இடத்தில் சுத்தமான தண்ணீரைத் தெளிக்கிறார் அக்கா. தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் இடம் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எங்கேயோ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, துடைத்துவிட்டு மறுபடி. கோடிக்கணக்கில் விலைபோகும் விமானத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர்தான் பரீட்சை! படலம் பரவியது. அக்கா கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு விளக்கு வைத்து ஈரம் போகக் காயவைத்தாக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும்.

காயட்டும். நாம் குளிர் அறைக்குப் போவோம்.

வாசலிலேயே அக்கா மறித்தார். "தலைக்கு எண்ணெய் வெச்சிருக்கீங்களா?"

"இல்லக்கா."

"கைக்கு கிரீம்? பவுடர்?"

"எதுவும் இல்லக்கா."

"அப்ப வாங்க."

கைக்குப் பூசும் கிரீமில் இருக்கிற சிலிக்கோன் ஒரு துளி பட்டால்கூட ஒட்டு பிடிக்காது. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அக்காவின் அம்மா, வேலைக்குப் போகிற பிள்ளை வறட்டுத் தலையோடு போவதா என்று தினமும் தேங்காயெண்ணெய்ப் புட்டியோடு வாசலில் நிற்பாராம். அம்மாவைச் சம்மதிக்கவைத்ததுதான் இந்த வேலையில் பெரிய கஷ்டம் என்கிறார்.

குளிர் அறையில் ஆளுயரப் பெட்டி, மைனஸ் 18 டிகிரி. உள்ளே கறுப்புத் துணிச் சுருள்கள் உறையில் மூடிக் கிடக்கின்றன. இதைப் பிரிப்ரெக் என்கிறார்கள், பிசின் ஏற்கெனவே ஊறிய கார்பன் நார். வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து அதன் ஆயுள் குறைய ஆரம்பிக்கும். எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எத்தனை மணிக்குத் திரும்ப வைத்தார்கள் என்று ஒவ்வொரு சுருளோடும் ஓர் அட்டை. ஒருமுறை புதுப் பையன் ஒருவன் இந்தப் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் வைக்கலாமா என்று கேட்டானாம். அன்றிலிருந்து அவனுக்கு ஐஸ்கிரீம் பிராண்டின் பெயரான 'மேக்னோலியா' என்றே பெயர். ஆள் இப்போது சீனியர், பெயர் மாறவில்லை!

இனி ஒட்டும் வேலை. அக்காவும் மலாய்ப் பையனும் எதிரெதிரே. வெட்டி வைத்த கறுப்பு வட்டங்கள் சிறிதிலிருந்து பெரிதாக. நார் ஓடும் திசை ஒவ்வொன்றிலும் வேறு: நேர், குறுக்கு, சாய்வு. பழைய அடுக்கு எந்தத் திசையில் ஓடியதோ அதே திசையில்தான் புதியதையும் வைக்க வேண்டும். வைத்து, விரலால் நீவி, காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி, அடம்பிடித்தால் ஹீட் கன்னால் லேசாகச் சூடுகாட்டி, அடுத்தது. அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை.

ஒவ்வொரு வட்டத்தின் இரு பக்கமும் மெல்லிய காப்புத்தாள் இருக்கும், ஒட்டும்போது உரித்துவிட வேண்டும். உரித்த தாளை யாரும் குப்பையில் போடவில்லை. பக்கத்துப் பலகையில் வரிசையாகக் குத்துகிறார்கள். அடுக்குக்கு இரண்டு தாள். 12 அடுக்கு வைத்தால் பலகையில் 24 தாள் இருந்தாக வேண்டும்.

எண்ணினார்கள். 23.

சட்டென்று அறையே நின்றுபோனது. ரேடியோவை யாரோ அணைத்தார்கள். மறுபடி எண்ணினார்கள். 23. ஒரு தாள் உள்ளேயே தங்கியிருந்தால் அந்த இடத்தில் ஒட்டு இல்லை என்று அர்த்தம். மேசைக்கு அடியில், தட்டுக்குக் கீழே, சட்டைப்பையில் எல்லாம் தேடுகிறார்கள். ஒட்டியதை முழுக்கப் பிரிக்கலாம் என்று அக்கா கையுறையை இழுத்து மாட்டியபோது, மேக்னோலியா கத்தினார்: "உன் ஷூவைப் பாருடா!" மலாய்ப் பையனின் காலணிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது 24-ஆவது தாள். அப்படி ஒரு சிரிப்பு அந்த அறையில்! பையன் அதை இரண்டு கையாலும் எடுத்து, காணிக்கை செலுத்துகிற பக்தியோடு பலகையில் குத்தினான். அக்கா மட்டும் சிரித்து முடித்ததும் இன்னொரு முறை எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு வேறொருவர் வந்து, தானும் எண்ணி, தன் முத்திரையை வைத்தார்.

மேலே கடைசியாக ஒரு பளபளப்பு: கொசுவலையைவிட மெல்லிய செம்பு வலை. பறக்கும் விமானத்தைச் சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறை மின்னல் தாக்கும். அலுமினியம் மின்சாரத்தைத் தானே கடத்திவிடும், கார்பன் அந்த அளவுக்குக் கடத்தாது. அதனால் பெயின்டுக்கு அடியில் இந்த வலை, மின்னலைப் பரவவிட்டு வெளியேற்றிவிடும். விமானத்தின் கறுப்பு உடம்புக்கு மேலே செம்புச் சேலை சுற்றியிருப்பது எத்தனை பயணிக்குத் தெரியும்! எனக்கு அதைத் தொட்டுப்பார்க்கக் கிடைத்தது, கையுறையோடுதான்.

பிறகு எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, ஓரத்தை மஞ்சள் டேப்பால் ஒட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுகிறார்கள். உறை சுருங்கி அப்பளமாக ஒட்டிக்கொள்கிறது. எங்கேயோ 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். எல்லாரும் குனிந்து காது வைக்கிறார்கள், நானும்தான். டேப்பின் மடிப்பு ஒன்றில் ஓட்டை. மேக்னோலியா கட்டைவிரலால் ஓர் அழுத்து. மீட்டர் முள் அசையாமல் நின்றது. சூட்டுப் போர்வை போர்த்தி, சுற்றிலும் வெப்பமானிக் கம்பிகள் செருகி, பொத்தானை அமுக்கினார்கள். 177 டிகிரிவரை மெதுவாக ஏறி, அங்கேயே நின்று, மெதுவாக இறங்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகும்.

"அதுக்குள்ள சாப்பிட்டுருவோம்!"

நாசி பாடாங், மீன் கறி, அக்கா வீட்டு எலுமிச்சை ஊறுகாய். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு பெரிய படம்: இறக்கை வில்லாக வளைந்து நிற்கும் ஒரு 787. 2010 மார்ச் 28, அமெரிக்காவின் எவரெட் ஆலை. பறக்கும் காலமெல்லாம் வரக்கூடிய மிகப் பெரிய சுமையைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றினார்கள். இறக்கை ஏறக்குறைய 7.6 மீட்டர் மேலே வளைந்தது, உடையவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு இதேபோன்ற சோதனையில் இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் அடுக்குகள் பிரிந்தது தெரிந்து, முதல் பறப்பையே தள்ளிப்போட்டு, அங்கே பலப்படுத்தினார்கள் என்பதையும் அக்கா சொன்னார். தரையிலேயே கண்டுபிடித்தார்கள் என்பதில்தான் அவருக்குப் பெருமை.

எனக்கு மனசில் இருந்த கேள்விகளையெல்லாம் கொட்டினேன். தீ பிடித்தால்? 2024 ஜனவரி 2, தோக்கியோ ஹனேடா. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 ஒன்று, ஓடுபாதையில் இருந்த கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஏ350-இல் இருந்த 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். எட்டு வாசலில் மூன்றை மட்டுமே திறக்க முடிந்தது, ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, சிப்பந்திகள் மெகாஃபோனில் கத்தினார்கள். "பாடி தாங்குச்சு, ஆனா ஆளுங்களக் காப்பாத்துனது அந்தப் பிள்ளைங்க" என்றார் அக்கா. விமானம் பிறகு முழுக்க எரிந்து சாம்பலானது. கார்பன் எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆட்கள் வெளியேறும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அன்றைக்கு அது நடந்தது.

2001 நவம்பரில் நியூயார்க்கில் வால் கழன்று 265 பேர் இறந்த ஏ300? அந்த வால் கம்போசிட்தான். ஆனால் விமானி ரடரை இடமும் வலமுமாக மிதித்த மிதியில், தாங்க வேண்டிய உச்ச சுமையையும் தாண்டிய பிறகே அது முறிந்தது என்று விசாரணை சொன்னது. 2025 ஜூனில் அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா 787 பற்றிப் பேச்சு வந்ததும் மேசை அமைதியானது. இரண்டு எஞ்சினுக்கும் எரிபொருள் நின்றுபோனதைத்தான் முதற்கட்ட அறிக்கை விவரிக்கிறது.

குறையே இல்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 787-இன் உடல் துண்டுகள் சேரும் இடத்தில் அனுமதித்ததைவிடக் கூடுதலான இடைவெளி இருந்தது தெரியவந்ததில், 2021-இலும் 2022-இலும் ஓர் ஆண்டுக்கு மேல் புது விமானங்களை ஒப்படைப்பதே நின்றிருந்தது. எவ்வளவு இடைவெளி? தலைமுடி அளவுக் கணக்கு. பலகையில் 23 தாளைப் பார்த்த பிறகு, அந்தக் கணக்கைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

நன்மைகள்? அதைப் பயணியாக நீங்களே அனுபவித்திருப்பீர்கள். எடை குறைவு, எரிபொருள் மிச்சம். 2018-இலிருந்து சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பக்கத்து நுவார்க்குக்கு ஏ350 எங்கும் நிற்காமல் போகிறது, 15,000 கிலோமீட்டருக்கு மேல். துரு பிடிக்காத உடல் என்பதால் உள்ளே ஈரப்பதம் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். காற்றழுத்தமும் பழையபடி 8,000 அடி மலைமேல் இருக்கிற மாதிரி இல்லாமல் 6,000 அடிக்கு இறக்கிவிட்டார்கள். இறங்கும்போது தொண்டை வறண்டு, தலை கனத்துக் கிடப்பது குறைந்திருப்பதற்கு இந்தக் கறுப்புத் துணிக்கு நன்றி சொல்லுங்கள்.

கை கழுவிவிட்டுத் திரும்பியபோது, எஞ்சின் கதவில் தொங்கிய அட்டையை அக்கா காட்டினார். சரக்கேற்றும் வண்டி நிறுத்தும்போது லேசாகப் பட்டது. ஓட்டுநர் தாமே தெரிவித்தார் என்று எழுதியிருந்தது.

"பாருங்க, பெயின்ட்ல ஒரு கோடுதான். துடைச்சிட்டுப் போயிருந்தா யாருக்கும் தெரியாது. அடுத்த பெரிய சோதனை வரைக்கும் அப்படியே பறந்திருக்கும். அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா நானே பிரியாணி வாங்கிக் குடுப்பேன்."

ரப்பர் பம்பர் வைத்த வண்டி மெதுவாக அழுத்தினாலும் இதே கதைதான். மேலே தழும்பு இருக்காது, உள்ளே தாங்குசட்டம் விரிசல் விட்டிருக்கும். இந்த விமானங்களுக்குக் கட்டமைப்பின் பெரும் சோதனை 12 ஆண்டுக்கு ஒருமுறைதான். அதற்கு இடையில் பட்ட அடியை யாராவது வாய் திறந்து சொன்னால்தான் சுத்தியல் அந்த இடத்துக்கு வரும். சொன்னவனைத் திட்டி, சம்பளத்தைப் பிடித்தால் அடுத்தவன் சொல்ல மாட்டான். கார்பனின் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் பாதி, வண்டி ஓட்டுகிறவரின் வாயில் பாதி என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

சாங்கியிலும் சென்னையிலும் வளைகுடா விமான நிலையங்களிலும் தரைப்பணி பார்க்கிற தமிழர்கள் நிறைய. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். இன்று இரவே அவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்: வண்டி விமானத்தில் பூப்போலப் பட்டிருந்தாலும், கீறலே விழாவிட்டாலும், அது கிளம்புவதற்கு முன்னால் பொறியாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் மேலதிகாரியாக இருந்தால், வந்து சொன்னவரைத் திட்டாதீர்கள்.